தழும்பு விடாத மீன்கள்

அத்தியாயம் 3

திருட்டு நடந்த எந்த வீட்டுக்குள் போனாலும் செரினா இஞ்ஞாசி முதலில் கதவைத்தான் பார்ப்பாள். ஹாலில் அலமாரி உடைந்து கிடக்கும், வீட்டுக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவளோ வாசலிலேயே நின்று கீல், பூட்டு, நிலைப்படி என்று தடவிக்கொண்டிருப்பாள். போலீஸ் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் பைப்பும் பாத்ரூம் டைலும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் போகவில்லை. அவளுடைய உதவியாளன் ஜெய் இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அக்காவை மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவர் வீட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார், அதனால்தான் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது அவன் கட்சி.

அன்று காலை செரினாவின் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் நிரஞ்சனா. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள், சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனது கண்ணிலேயே தெரிந்தது. அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன் கபிலன். அதே கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை. செரினாவைப் பற்றி விசாரித்து நிரஞ்சனாவை இங்கே கூட்டி வந்ததே அவன்தான்.

நிரஞ்சனா தன் வேலையை முதலில் விளக்கினாள். தோல் வெட்டுப்பட்டால் புதுத் தோல் வளர்கிறது. இதயத் தசைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாம் வளர்ந்து ஆளான பிறகு அந்தத் தசையின் செல்கள் பிரிந்து பெருகுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. மாரடைப்பில் ஒரு பகுதி செத்துப்போனால் அங்கே தசை வராது, தழும்புதான் வரும். தழும்பு துடிக்காது. சில மீன்கள் மட்டும் கொடுத்து வைத்தவை. வரிக்குதிரை மீன் என்று ஒன்று இருக்கிறது, அதன் இதயத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் மிச்சமிருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். ஜப்பானிய வயல்களில் வாழும் மெடாக்கா என்ற குட்டி மீனுக்கோ அந்த வரம் கிடையாது. நம்மைப் போலவே தழும்பு விட்டுத்தான் ஆறும். அந்த மெடாக்காவின் இதயச் செல்களையும் மறுபடி பிரிய வைக்க நிரஞ்சனா ஒரு மருந்து தயாரித்திருந்தாள்.

“அதாவது, சிபிஎஃப் ஓய்வுப் பணத்தை வாங்கிட்டு வீட்ல உக்காந்த செல்லை மறுபடி வேலைக்குக் கூப்பிடறீங்க,” என்றான் ஜெய்.

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. மேலே சொன்னாள். ஒரு டஜன் வளர்ந்த மெடாக்காக்களுக்கு இதயத்தில் சிறு துண்டை வெட்டி எடுத்தாள். மருந்து கொடுத்தாள். பக்கத்துத் தொட்டியில் இன்னும் சில மீன்களுக்கு வெட்டு மட்டும், மருந்து இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்தாள். தீபாவளி முடிந்து திரும்பி வந்து மருந்துத் தொட்டியிலிருந்து மூன்று மீன்களை எடுத்து அறுத்துப் பார்த்தாள். இதயம் முழுசாக இருந்தது. தழும்பே இல்லை. மருந்து இல்லாத தொட்டியிலோ எல்லாவற்றிலும் தழும்பு. மைக்ராஸ்கோப் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாளாம், சந்தோஷத்தில்.

கூடத்தின் தலைவர் பேராசிரியர் சுந்தரேசன் லேசில் எதையும் நம்பாதவர். அந்த மீன்களுக்கு டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கச் சொன்னார். வந்த முடிவு எல்லோர் தலையிலும் இடியை இறக்கியது. மருந்துத் தொட்டியில் இருந்தவை கூடத்து மீன்களே அல்ல. கடையில் விற்கிற மீன்கள். வெட்டாத மீனை வாங்கிப் போட்டு, ஆறிவிட்டது என்று ஊரை ஏமாற்றப் பார்த்தாள் என்பது இப்போது நிரஞ்சனா மேல் குற்றம். மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. தீர்ப்பு பாதகமாக வந்தால் வேலை போகும், சிங்கப்பூரில் தங்க விடுகிற வேலை பாஸ் போகும், இந்தத் துறையில் அவளை வேறு யாரும் வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள்.

“வேலை போனா போகட்டும் மேடம்,” என்றாள் நிரஞ்சனா. “என் மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு எனக்கே தெரியலை. நான் பார்த்து அழுதது கடை மீனோட இதயம். அதை யாரும் வெட்டவே இல்லை. என்னோட மீனு எங்க போச்சு, அதோட இதயம் என்ன ஆச்சு? அது தெரியாம என்னால ஊருக்குப் போக முடியாது.”

மீன் அறைக்குள் யார் யார் போகலாம் என்று செரினா கேட்டாள். மூன்றே பேர், இவர்கள் இருவரும் பேராசிரியரும். தீபாவளியின்போது நிரஞ்சனா ஊரில் இல்லை. அவளுக்கு அது தலைதீபாவளி, புருஷனோடு ஈப்போவில் அம்மா வீட்டில் இருந்தாள். மீன்களுக்குத் தீனி போடும் பொறுப்பைக் கபிலன் ஏற்றுக்கொண்டிருந்தான். பேராசிரியர் பண்டிகை நாளிலும் கூடத்துக்கு வந்து போனார். சித்திரையில் அவர் அம்மா தவறிவிட்டதால் இந்த வருஷம் அவர் வீட்டில் தீபாவளி இல்லை, கூடத்தில் கொடுத்த பலகாரத்தைக்கூடத் தொடவில்லை என்றாள் நிரஞ்சனா. அம்மா போனதிலிருந்து மனுஷர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லையாம்.

ஜெய்க்கு அது போதும். பண்டிகை நாளில் தனியாக வந்தவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், டெஸ்ட் எடுக்கச் சொன்னவரும் அவரே. கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்ற முகத்தோடு செரினாவைப் பார்த்தான்.

“ப்ரொஃபசர் இதைப் பண்ணியிருக்க மாட்டார்,” என்றான் கபிலன். அதுவரை வாயே திறக்காதவன் அதையும் தரையைப் பார்த்தே சொன்னான்.

செரினா அவனைத் தேவைக்கு மேல் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

மெடாக்காவில் பளபளக்கிற வகை, நீல வகை, முதுகில் வெள்ளி பூசின வகை என்று அழகழகாக உண்டு. கூடத்து மீன்களோ சாம்பலும் பழுப்பும் கலந்த சாதா ரகம். காசு கொடுத்துச் சாதா ரகம் வாங்குகிறவர்கள் குறைவு. ஒரே சமயத்தில் ஒரு டஜன் வாங்கினவனைக் கடைக்காரன் மறக்க மாட்டான் என்பது செரினாவின் கணக்கு. ஜாலான் புசார் பக்கம் இரண்டு மீன் கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடை ஸைஃபுடையது. அவன் ஒரு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையை வெளியே எடுத்துவிட்டான்.

ஆள் வந்தது தீபாவளி அன்று காலையில். மாஸ்க் போட்டிருந்தான். ஜெய் போனில் காட்டிய படங்களைப் பார்த்து ஸைஃப் கையை விரித்தான்.

“மீன் மூஞ்சி எனக்கு மறக்காது ப்ரோ. மனுஷன் மூஞ்சி நிக்காது.”

“கல்யாணத்துக்குப் போனா ரொம்பக் கஷ்டம் லா உங்களுக்கு,” என்றான் ஜெய்.

ஆனால் மற்றதெல்லாம் ஸைஃபுக்கு நினைவிருந்தது. தலை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை, காதோரம் ஈரம்கூடக் காயவில்லை. புது ஜிப்பா. காலர் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கறை. குழம்பு சிந்திவிட்டதென்று நினைத்து ஸைஃப் டிஷ்யூ கொடுத்தான், அந்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நல்ல மீன்களைக் காட்டினால் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்ந்த சாதா மெடாக்காவாக, எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்கிக் கேட்டான்.

“அப்புறம் இன்னொண்ணு அக்கா,” என்றான் ஸைஃப். “இந்தத் தண்ணில ஆன்டி-குளோரின் போட்டிருக்கீங்களான்னு கேட்டான். போட்டிருக்கேன்னு சொன்னேன். மறுபடி கேட்டான். பணம் குடுக்கறப்ப இன்னொரு தடவை கேட்டான். போறப்ப பெரிய பாட்டிலா ஒண்ணு வேற வாங்கிட்டுப் போனான். மீனு பையைக் கையில ஏந்திட்டுப் போனது, பொறந்த புள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு.”

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் மருந்து மீனையும் கொன்றுவிடும். அதை முறிக்கத்தான் ஆன்டி-குளோரின் ஊற்றுகிறார்கள். மீன் வளர்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது, ஒரு தடவை கேட்டால் போதும். செரினா ஸைஃபுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தபடியே ஜெய் தன் கட்சியை விடாமல் பேசினான். பேராசிரியரேதான், மாஸ்க் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றான்.

“தீபாவளிக்கு உங்க வீட்ல புதுத் துணியை எப்படிக் குடுப்பாங்க?” என்று கேட்டாள் செரினா.

“சாமிகிட்ட வச்சு, ஓரத்துல மஞ்சள் தடவி...” என்று ஆரம்பித்த ஜெய் நடப்பதை நிறுத்தினான். பின்னால் வந்தவர் அவன்மேல் இடித்துவிட்டு முனகிக்கொண்டே போனார். காலரில் இருந்தது குழம்பு இல்லை. எண்ணெய்க் குளியலும் புதுத் துணியும் மஞ்சளும் தீபாவளி கொண்டாடுகிற வீட்டில்தான். அம்மா தவறிய வருஷத்தில் சுந்தரேசன் வீட்டில் யார் புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பார்கள்? நிரஞ்சனா ஈப்போவில். மிச்சம் ஒரே ஆள்.

“நம்மளைக் கூட்டிட்டு வந்ததே அவன்தானே அக்கா. எந்தத் திருடனாவது தானே போய் போலீஸைக் கூட்டிட்டு வருவானா?”

“கெடுக்க வந்தவன் ஆன்டி-குளோரினை மூணு தடவை கேட்பானா? வாங்கின மீன் செத்தா அவனுக்கு என்ன?” என்றாள் செரினா. “ஒரு தடவை கை சுட்டவன்தான் அப்படிக் கேட்பான். வா, டாக்ஸி புடி.”

*

கபிலன் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆங் மோ கியோவில் தன் வீட்டுக்குப் போயிருந்தான். அவனுடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக் கடைக்குச் செரினா அவனை வரச் சொன்னாள். வந்து உட்கார்ந்தான். எதிரே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. செரினா குற்றம் சாட்டவில்லை, அவனுடைய தீபாவளி ஜிப்பா என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள். அதற்கே அவன் கண் கலங்கிவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை. லிட்டில் இந்தியா சந்தையில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள், போனுக்கு மேல் போன். மருந்துத் தொட்டித் தண்ணீரைப் பாதி மாற்ற வேண்டும், வழக்கமாக எடுக்கும் சுத்தத் தண்ணீர்த் தொட்டி அன்றைக்குக் காலியாக இருந்தது. அவசரத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டு ஓடிவிட்டான். ஆன்டி-குளோரினை ஊற்ற மறந்தது கம்பி மத்தாப்பு கொளுத்தும்போதுகூட நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் புது ஜிப்பாவோடு தீனி போடப் போனால் அத்தனை மீனும் மிதந்துகொண்டிருந்தன.

“அவ ஈப்போலேருந்து ஹாப்பி தீபாவளி மெசேஜ் போட்டா. மீன் எப்படி இருக்குன்னு கேட்டா,” என்றான் கபிலன். “நல்லா இருக்குன்னு டைப் பண்ணிட்டேன். அப்புறம் அது உண்மையா ஆகணும்னு கடைக்கு ஓடினேன். அவ வந்ததும் சொல்லிடலாம்னு நினைச்சேன். வந்ததும் வராததுமா அறுத்துப் பார்த்துட்டு அழுதா. அந்த முகத்தைப் பார்த்துட்டு என்னால சொல்ல முடியலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் முடியாம போச்சு.”

ஜெய் ஏதோ சொல்ல வாயெடுத்தான், செரினா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

“செத்த மீனை என்ன பண்ணீங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“பொய்,” என்றாள் செரினா சாதாரணமாக. “உங்க பக்கத்து மேசைக்காரி இன்னைக்குக் காலைல என் ஆபீஸ்ல தண்ணி குடிச்சா. காலி பாட்டில்ல பேனாவால தன் பேரை எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. லேப்ல வேலை பார்க்கறவங்க ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போட மாட்டீங்க. அவ வெட்டின மீனையா போட்டிருப்பீங்க?”

 கபிலன் எழுந்து மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே தெளிந்த மருந்துத் திரவத்தில் ஒரு டஜன் குட்டி மீன்கள். மூடி மேல் தொட்டி எண், தேதி, அவனுடைய கையெழுத்து எல்லாம் அழகாக இருந்தன. மறைக்கப் போன பொருளிலும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

“எங்க வச்சிருந்தீங்க?” என்று கேட்டான் ஜெய்.

“ஸ்டோர் ரூம்ல. அம்மாவோட முறுக்கு டின்னுக்குப் பின்னால.”

“நல்லவேளை, விருந்தாளி யாரும் வரலை,” என்றான் ஜெய். கபிலனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து.

*

கூடத்தில் நிரஞ்சனா ஜாடியை வாங்கிக்கொண்டாள். கபிலன் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு முதல் மீனை எடுத்தாள்.  

முதல் இதயம் முழுசாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. துண்டு வெட்டி எடுத்த இடமெல்லாம் தசையே நிரம்பியிருந்தது. நிரஞ்சனா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவே இல்லை, இந்தத் தடவை அழவும் இல்லை. ஒரு தடவை ஏமாந்தவள் அல்லவா.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் சுந்தரேசன் உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டார், கபிலனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“இதெல்லாம் நம்ம மீன்தான்னு டெஸ்ட் சொல்லிடும், சரி. ஆனா குழுவுல முதல் கேள்வி என்ன வரும்னு உனக்கே தெரியும் நிரஞ்சனா. இந்த மீன்களை நீ வெட்டினதுக்கு என்ன சாட்சி? தழும்பு இருந்தா மருந்து தோத்துப்போச்சுன்னு அர்த்தம். தழும்பு இல்லைன்னா வெட்டவே இல்லைன்னும் சொல்லலாம். வெட்டினப்போ எடுத்த போட்டோவைக் காட்டினா, அது எந்த மீனுதுன்னும் கேட்பாங்க.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, அவ்வளவு நன்றாகச் சாட்சியை அழித்துவிட்டிருந்தது. அடையாளத்துக்கு வாலில் ஒரு முனையை நறுக்கி விட்டிருந்தாள் நிரஞ்சனா. வாலும் வளர்ந்துவிட்டது. மீன் அல்லவா. சுவரில் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. இத்தனை வருஷ உழைப்பும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று ஜெய்யே முணுமுணுத்தான்.

செரினா மட்டும் மேசையருகே குனிந்து ஜாடியில் இருந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதயத்துக்கு எந்தப் பக்கமா நுழைஞ்சீங்க?”

“மார்புப் பக்கமா,” என்றாள் நிரஞ்சனா. “நாலஞ்சு செதிலை எடுத்துட்டு, அதுக்குக் கீழ தோலைக் கீறி...”

“எல்லாரும் ஹாலையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க,” என்றாள் செரினா. “நான் கதவைப் பத்திக் கேட்கறேன். எடுத்த செதில் மறுபடி முளைச்சுதா?”

“முளைக்கும்.”

“பழசு மாதிரியே முளைக்குமா?”

 நிரஞ்சனாவின் முகம் மெல்ல மாறியது. பேராசிரியரும் அவளும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி அவள் இடுக்கியை எடுத்துவிட்டாள்.

மீன் செதிலில் மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் உண்டு. குஞ்சாக இருந்தபோதே தோன்றிய செதில் மீனோடு கூடவே வளர்கிறது, அதனால் நடுவிலிருந்தே வளையங்கள் ஆரம்பிக்கும். விழுந்த செதிலுக்குப் பதிலாகப் பின்னால் முளைத்தது அவசர அவசரமாக வளர்ந்து இடத்தை அடைக்கிறது. அதற்குக் குழந்தைப் பருவமே கிடையாது. நடுவில் வளையம் இல்லாமல் வெறுமையாக இருக்கும். இது இருவருக்கும் படித்த பாடம்தான். இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் செதிலை நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

விலாவிலிருந்து ஒரு செதில், மார்பிலிருந்து ஒரு செதில். விலாச் செதிலில் வளையங்கள் நடுப்புள்ளியிலிருந்து வரிசையாக விரிந்தன. மார்புச் செதிலின் நடு வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த மீன், அதற்கடுத்த மீன், எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வெறுமை. மிச்சமிருந்த கடை மீன்களையும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் மார்பில் எல்லாச் செதிலும் பிறவிச் செதில்.

“ஒரு மீனுக்குத் தற்செயலா விழுந்திருக்கும்னு சொல்லலாம்,” என்றார் சுந்தரேசன் மெதுவாக. “ஒரு டஜன் மீனுக்கு ஒரே இடத்துல விழாது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை நான்தான் முதல்ல கேட்டிருக்கணும் மா. உன்னைத் திருடின்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் ஒண்ணுமே கேட்கலை. அது என் தப்பு.”

குழுவின் முன்னால் அவரே அவளுக்காகப் பேசினார். குற்றச்சாட்டை நீக்கினார்கள், மறுபடி புதிய மீன்களில் சோதனையைச் செய்து காட்ட அனுமதியும் கொடுத்தார்கள். கபிலன் விஷயத்தை நாளைக்குத் தனியாகப் பேசுவதென்று முடிவாயிற்று.

எல்லாம் முடிந்து நிரஞ்சனா மீன் அறைக்குத் திரும்பியபோது அவன் காலித் தொட்டி அருகே நின்றுகொண்டிருந்தான். போகவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல் நின்றான். செரினாவும் ஜெய்யும் கதவருகிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

“மீன் செத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல கபில்,” என்றாள் நிரஞ்சனா. “எனக்கும் ஒருநாள் மறந்திருக்கும். இத்தனை வாரம் பக்கத்துல உக்காந்து, எல்லாரும் என்னைத் திருடின்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருந்தியே. அதுதான் போக மாட்டேங்குது.”

“சாரி,” என்றான் அவன். 

“எனக்கு மீன் இதயம் இல்ல. இது தழும்பு விட்டுத்தான் ஆறும்.”

அவள் அலமாரியைத் திறந்தாள். அவன் தீபாவளியன்று வாங்கி வந்த பெரிய ஆன்டி-குளோரின் பாட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது, பாதிகூடக் காலியாகவில்லை. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“புதுத் தொட்டிக்குத் தண்ணி நிரப்பணும். நீயே ஊத்து, நான் பக்கத்துல நிக்கறேன்.”

கபிலன் மூடியில் அளந்து ஊற்றினான். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான், பிறகு அவளிடம் நீட்டினான். அவளும் பார்த்தாள். சரி என்று தலையை அசைத்தாள்.